சொட்டு சாரின் மைலேஜ்

காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் முதலில் வலது கால் செருப்பைக் கழற்றிவிடுவார். இடது காலில் செருப்பு இருக்கும். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுந்துகிறது என்பது செருப்புக்குத் தெரியாது, தோலுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. உள்ளங்கால் மிதியின் மேல் படிந்திருக்குமே தவிர மிதிக்காது. வண்டி நகர ஆரம்பித்ததே பக்கத்தில் இருப்பவருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

எலக்ட்ரானிக் தராசு விற்கிற கம்பெனி ஒன்றில் அவர் மெக்கானிக். கடைகள், கிடங்குகள், மருந்து மொத்த வியாபாரிகள் என்று நாளெல்லாம் சுற்றி, தராசுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது வேலை. பயணச் செலவுக்குக் கம்பெனி மாதாமாதம் ஒரே தொகையைத்தான் கொடுக்கும். மிச்சம் பிடித்தால் பிடித்தவருக்கு. மிஞ்சிப்போனால் அவர் பாடு. மற்ற மெக்கானிக்குகளுக்கு மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். இவருக்கு மட்டும் எப்போதும் மிச்சம். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகவே ஊற்றி ஓட்டுகிறார் என்று எவரோ சொல்லப்போய், ‘சொட்டு சார்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் அதற்குக் கோபப்பட்டதில்லை. உள்ளூரப் பெருமைதான் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

முதலில் பைக்தான் வைத்திருந்தார். மழைத் தண்ணீர் தோள்பைக்குள் புகுந்து சர்க்யூட் போர்டுகள் வீணானபிறகு, ஒரு ஆசிரியர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் காரை வாங்கினார். சின்ன வண்டி. நாலு கதவு, பின்னால் மேலே தூக்குகிற டிக்கிக் கதவு, வெளிறிய சாம்பல் நிறம். டீசல் வண்டியாகப் பார்க்கச் சொன்னவர்களிடம், “நெடுக ஓடுறவனுக்குத்தான் டீசல். கடைக்குக் கடை நின்னு நின்னு போற எனக்கு, கூடக் குடுக்குற விலையைத் திரும்ப எடுக்கவே வயசாயிடும்” என்று வாயை அடைத்துவிட்டார்.

ஓட்டுவதற்கென்று அவரிடம் ஒரு தனிச் சட்டப் புத்தகமே இருந்தது. எழுதி வைத்ததல்ல, மனப்பாடம். கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தாளில் டயருக்கு முப்பது காற்று என்று போட்டிருந்தால் இவர் முப்பத்தைந்து வைப்பார். டயர் கல் மாதிரி இருந்தால்தான் உருள்வது சுலபம். தராசைச் சோதிக்கிற இருபது கிலோ இரும்புக் கற்களை மற்றவர்கள் டிக்கியில் போட்டுக்கொண்டு அலைவார்கள். இவர் நகரின் மூன்று மூலைகளில், தெரிந்த கிடங்குகளில் கெஞ்சி வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்வார். சும்மா கிடக்கும் கல்லுக்கு ஏன் பெட்ரோல்? ஏசி பொத்தானைத் தொடமாட்டார். மெயின் ரோட்டில் வேகம் பிடித்தபின் ஜன்னலையும் திறக்கவிடமாட்டார், காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் என்பதால். இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களைக் கண்டால் சிரிப்பார். கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது என்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம் பிரேக் பிடிப்பது.

“பிரேக்குன்னா என்ன? ஏற்கெனவே காசு குடுத்து வாங்குன வேகத்தைச் சூடாக்கிக் காத்துல விடுறது.”

அதனால் முன்னால் வெகுதூரத்தில் சிக்னல் சிவப்பாவதைப் பார்த்ததும் காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகத் தளர்ந்து தளர்ந்து போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். ஊரில் அதே மாதிரி வண்டி லிட்டருக்குப் பதினாறு கொடுத்தால் அதிகம். இவருடையது இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கியதில்லை.

அவர் மனைவிக்கு நூலகத்தில் வேலை. தெருவில் எல்லாருக்கும் லைப்ரரி அம்மா. ஏழு வருஷமாக அவர் இந்தக் காரில் ஏறவில்லை.

அதற்குக் காரணம் லைப்ரரி அம்மாவின் அண்ணன் மகள் கல்யாணத்தன்று நடந்தது. பக்கத்து ஊர்தான். வெயில் நாள். ஏசி கிடையாது, ஜன்னலும் திறக்கக்கூடாது. லாரி ஒன்றின் பின்னால், அதன் வேகத்திலேயே போவதுதான் சிக்கனம் என்று சொட்டு சார் வழி நெடுக அதை விடவில்லை. மண்டபத்தை அடையும்போது சாப்பாடு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லைப்ரரி அம்மா முகத்தில் பூசியது கழுத்தில் வழிந்திருந்தது. புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. குடும்பப் படத்தில் அவர்கள் இருவரும் இல்லை.

“இது காரா? உருளுற அடுப்பு!” என்றார் லைப்ரரி அம்மா, மண்டப வாசலிலேயே. “இனிமே செத்தாலும் இதுல ஏறமாட்டேன்.”

கோபத்தில் சொன்னது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தார். மறுநாளும் பஸ். காலையில் இருவரும் ஒரே கேட்டைத் தாண்டி வருவார்கள். அவர் காரை எடுப்பார், இவர் நிறுத்தத்துக்கு நடப்பார். பாதி வழியில் பஸ் காரை முந்திக்கொண்டு போகும். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தால் லைப்ரரி அம்மா கை அசைப்பார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. விடுதியில் தங்கிப் படித்த மகள் மட்டும் போனில், “நீங்க ரெண்டு பேரும் ஒரே திசையில போறதுக்கு ரெண்டு வண்டி. இதுல மைலேஜ் கணக்கு வேற” என்று கேலி செய்வாள்.

நூலகத்தில் மேல் அடுக்குப் புத்தகம் எடுக்க ஒரு மடக்கு ஏணி உண்டு. ஒரு நாள் பிற்பகல், மேல்படியில் நின்றிருந்தபோது அதன் கால் ஒன்று மடங்கிவிட்டது. லைப்ரரி அம்மா உட்கார்ந்த வாக்கில் சிமெண்டுத் தரையில் விழுந்தார். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்து திருகாணிகள் போட்டார்கள். நடக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் குலுங்கக்கூடாது என்றார் டாக்டர். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, திடீரென்று முன்னும் பின்னும் ஆடக்கூடாது. வாரம் ஒரு தடவை, புதன்கிழமை, பிசியோதெரபிக்கு வர வேண்டும். ஆஸ்பத்திரி நகரின் மறுகோடியில் இருந்தது.

வீட்டுக்கு அழைத்துவர அண்ணன் தன் புதிய காரைக் கொண்டுவந்தார். உயரமான, அகலமான, கியர் போட வேண்டாத வண்டி. மெத்தை போன்ற இருக்கை. தங்கையை இருவர் பிடித்து ஏற்றினார்கள்.

“பாத்து உக்காரும்மா. என் வண்டி படகு மாதிரி போகும்” என்றார் அண்ணன்.

அவருக்குத் தங்கை என்றால் உயிர். ஆனால் அவர் கால் ஒரு மிதி, ஒரு நிறுத்தல் என்று பழகிய கால். கிளம்பும்போது முதுகு இருக்கையில் போய் அறைந்தது. முதல் சிக்னலில் உடம்பு பெல்ட்டில் போய்த் தொங்கியது.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா...”

“மெதுவாத்தாம்மா போறேன். பாரு, முப்பதைத் தாண்டல” என்று சொல்லிக்கொண்டே, குறுக்கே வந்த ஸ்கூட்டருக்காக மறுபடி பிரேக்கை மிதித்தார்.

வீடு வந்தபோது லைப்ரரி அம்மா கைத்துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சொட்டு சார் பின்னால் தன் வண்டியில் வந்து சேர அதிக நேரம் ஆயிற்று. வரும்போது மனைவி படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மூன்றாம் நாள், அவர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டியபோது, மாத்திரையை வாங்காமல் லைப்ரரி அம்மா சொன்னார்:

“புதன்கிழமை நீங்க கூட்டிட்டுப் போங்க.”

“மச்சான் வர்றேன்னாரே.”

“வேண்டாம்.”

“என் வண்டியிலயா?”

“நம்மகிட்ட வேற வண்டி இருக்கா?” என்று கேட்டுவிட்டு மாத்திரையை வாங்கி விழுங்கினார். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் புதன்கிழமை முன் இருக்கையைச் சாய்த்து, தலையணை வைத்து, மனைவியை உட்காரவைத்தார். வண்டி தெருமுனையைத் தாண்டியது. முதல் சிக்னல் வந்தது. கண்ணை மூடியிருந்த லைப்ரரி அம்மாவுக்கு வண்டி நின்றதே தெரியவில்லை. பக்கத்தில் பைக்கில் நிற்பவர்கள் பேசுவது கேட்டுத்தான் நிற்கிறோம் என்று புரிந்தது. கிளம்பியதும் அப்படியே. கடித்துக்கொள்வதற்காகக் கையில் வைத்திருந்த துண்டை மடியில் போட்டார்.

பிறகு மார்க்கெட் அருகே ரோடு கொத்திப்போட்டிருந்த இடம் வந்தது. ஊர்ந்துதான் போனார். ஆனாலும் கல் போன்ற டயர் ஒவ்வொரு பள்ளத்தையும் அப்படியே வாங்கி, சுத்தியலால் தட்டுவதுபோல முதுகெலும்பில் கொடுத்தது. காலியான பின்பக்கம் ஒவ்வொரு வேகத்தடையிலும் எகிறிக் குதித்தது. லைப்ரரி அம்மா வாய்விட்டுக் கத்திவிட்டார். அதற்கு முன் அவர் கத்தி சொட்டு சார் கேட்டதில்லை, மகள் பிறந்தபோதுகூட. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது நடக்கிறவர்கள் அந்தக் காரை முந்திப் போனார்கள்.

வீட்டில் படுக்கவைத்தபின் மனைவி சொன்னார்: “எடுக்கிறதும் நிறுத்துறதும் தெரியவே இல்லீங்க. பள்ளந்தான் தாங்க முடியல.”

அவர் வாசற்படியில் நின்று தலையை ஆட்டினார். பள்ளம் ரோட்டில் இருந்தது உண்மை. ஆனால் முப்பத்தைந்து காற்று யார் வைத்தது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை டயர் கடைக்குப் போனார்.

“காத்து இறக்கணும். முப்பதுக்குக் கொண்டுவா.”

டயர் கடைக்காரர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். “இறக்கணுமா? ஏத்தணுமா? சார், நீங்கதானே பேசுறது?”

“இறக்கு.”

“இன்னும் ரெண்டு குறைக்கவா? மெத்தை மாதிரி இருக்கும்.”

“வேண்டாம். தாள்ல போட்டதுக்குக் கீழ போனா டயர் ஓரத்துல தேஞ்சிடும். அதுவும் செலவு, அதுவும் ஆபத்து.”

பிறகு தன் தொழிலுக்கே உரிய ஒரு காரியம் செய்தார். சின்ன மேடைத் தராசு ஒன்றை முன் இருக்கையில் வைத்து, அதன் மேல் பத்து கிலோ கல்லைப் பெல்ட்டால் கட்டினார். அந்தத் தராசில், ஏறியதிலேயே மிக அதிகமான எடையைப் பிடித்து நிறுத்திக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டு வேகத்தடைகளின் மேல் ஏறி இறங்கினார். பத்து கிலோ கல் பதினாறு காட்டியது. காற்று இதைவிட அதிகமாக இருந்த அந்தப் புதன்கிழமை மனைவியின் முதுகு இதற்கு மேலும் வாங்கியிருக்கும் என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினார். 

காலி வண்டியில் பின்பக்க ஸ்பிரிங் விறைத்து நிற்கும்; பாரம் ஏறினால் இளகும். கிடங்குக்குப் போய்த் தன் இருபது கிலோ கற்கள் மூன்றை எடுத்து, சாக்கில் சுற்றி, நகராமல் டிக்கியில் வரிசையாகக் கட்டினார். கிடங்கு மேலாளர், “என்ன சார், கல்லுக்குக் கோடை விடுமுறையா?” என்று கேட்டார். மறுபடி அதே வேகத்தடை. இப்போது பதின்மூன்று. வழியையும் மாற்றிப் பார்த்தார். நகருக்குள் போனால் தூரம் குறைவு, ஆனால் தெருவுக்குத் தெரு வேகத்தடை. சுற்றுச்சாலையில் போனால் பாதித் தூரம் கூடுதல். ரோடு வழுவழுவென்று இருந்தது. அதில் தராசு பதினொன்றைத் தாண்டவே இல்லை.

அடுத்த புதன்கிழமை லைப்ரரி அம்மா ஏறியதும் முகத்தில் குளிர்ச்சி அடித்தது. நிமிர்ந்து பார்த்தார்.

“ஏசியா ஓடுது?”

“ம்.”

“உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“பெல்ட்டைப் போட்டுக்க.”

சுற்றுச்சாலையில் ஏறிய சிறிது நேரத்திலேயே லைப்ரரி அம்மா தூங்கிவிட்டார். விழுந்த நாளிலிருந்து மாத்திரை இல்லாமல் வந்த முதல் தூக்கம் அது. ஆஸ்பத்திரி நிழலில் வண்டியை நிறுத்தியபின் சொட்டு சார் எழுப்பவில்லை. ஏசிக்காக இன்ஜினை அணைக்கவும் இல்லை. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது அவர் சட்டத்தில் கொலைக்குச் சமம். பிசியோதெரபிஸ்ட் உள்ளேயிருந்து ஆள் அனுப்பிக் கேட்கும்வரை ஓடவிட்டார்.

காற்றை இறக்கி, கல்லை ஏற்றி, ஏசியைப் போட்டு, சுற்றி வளைத்துப் போனால் எந்த வண்டியும் குடிக்கத்தான் செய்யும். பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது பதினைந்து சொச்சம் வந்தது. கம்பெனி கொடுத்த தொகை மாதம் முடியுமுன்னே தீர்ந்தது. பங்க் ஊழியர், “என்ன சார், வண்டி ஓட்டையா?” என்று கீழே குனிந்து பார்த்தார். ஆபீஸில் ஒருவர் வழக்கம்போல, “இந்த மாசம் எவ்வளவு சார் குடுக்குது?” என்று கேட்டபோது, “பாக்கல” என்றார். கேட்டவர் அதை நம்பாமல் மற்றவர்களிடம் போய்ச் சொன்னார். வண்டியை விற்கப்போகிறார் என்று ஒரு பேச்சுக்கூடக் கிளம்பியது.

லைப்ரரி அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது வாக்கரால். கையில் பிடித்து நடக்கிற அந்த அலுமினிய வாக்கரை ஆஸ்பத்திரி ஊழியர் டிக்கியில் வைக்கப் போய், சாக்கு மூட்டையை நகர்த்தப் பார்த்து, முடியாமல், “இதுல என்னம்மா, பிணமா?” என்றார். லைப்ரரி அம்மா வாக்கரில் ஊன்றியபடி எட்டிப் பார்த்தார். இரும்புக் கற்களை அவருக்கு நன்றாகத் தெரியும். கணவரோ ஒரு கிலோ அதிகமாக ஏற்றினால்கூட முணுமுணுக்கிற மனிதர்.

பாதி வழியில் லைப்ரரி அம்மா கேட்டார்:

“கல்லு எதுக்கு?”

“பின்னாடி பாரம் இருந்தா ஸ்பிரிங் இளகும். குதிக்காது.”

“காத்து?”

“குறைச்சிருக்கேன்.”

“இப்ப எவ்வளவு குடிக்குது?”

“குடிக்கிறதைக் குடிச்சிட்டுப் போகட்டும்.”

லைப்ரரி அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின், திரும்பாமலே சொன்னார்: “நான் பஸ்ல போனது தப்புன்னு மட்டும் சொல்லமாட்டேன். அன்னிக்கு அப்படி வேர்த்துச்சு.”

“வேர்த்துச்சுதான்” என்றார் அவர். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக.

பிசியோதெரபிக்கு அதே நேரத்தில் கழுத்துப் பட்டை போட்ட ஒரு தையல்கார அம்மா வருவார். வாட்டசாட்டமான உடம்பு, ஓயாத வாய். வருஷக்கணக்கில் மெஷின் மேல் குனிந்து தேய்ந்த கழுத்து. சுற்றுச்சாலை ஓரத்தில்தான் வீடு. வாடகை வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து, வந்த வலிக்கே தனியாகச் சிகிச்சை வேண்டும் என்று புலம்புவார். லைப்ரரி அம்மா கணவரைக் கேட்காமலே, “அடுத்த வாரத்துலேருந்து எங்க வண்டியில வாங்க” என்று சொல்லிவிட்டார்.

தையல்கார அம்மா பின் இருக்கையில் ஏறியதும் சொட்டு சார் கீழே இறங்கி, வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தணிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு, டிக்கியில் இருக்கும் மூன்று கற்களையும் தையல்கார அம்மாவின் வீட்டு வாசலிலேயே இறக்கி வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

“என்ன அண்ணே பாக்குறீங்க? டயர் பஞ்சரா?”

“இல்லீங்க. இனிமே கல்லு வேண்டாம்.”

லைப்ரரி அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் முதுகு வலிக்கும் என்பதால் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் புரிந்ததும் தையல்கார அம்மாவும் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, “கல்லுக்குப் பதிலா நானா? நல்ல மரியாதை அண்ணே இது! என் வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன், அவர் ரொம்ப நாளா இதையேதான் சொல்லிட்டிருக்காரு” என்றார்.

பெட்ரோலில் பங்கு தருவேன் என்று தையல்கார அம்மா ஒற்றைக்காலில் நின்றார். சொட்டு சார் மறுத்துப் பார்த்தார். அப்புறம் ஏதோ யோசனை வந்தவராக முகம் தெளிந்தார்.

“லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர். உள்ள மூணு பேர். ஆள் கணக்குக்கு நாப்பத்தெட்டு ஆச்சுல்ல?” என்றார் மனைவியிடம். “தனியா ஓட்டுனப்ப இந்தக் கணக்கு எனக்கு வந்ததே இல்ல.”

“இன்னும் ஒரு ஆளை ஏத்துங்களேன், அறுபத்துநாலு வரும்” என்றார் லைப்ரரி அம்மா. கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவரும் பின் இருக்கையில் சேர்ந்தார். ஏசியைக் கூட்டு, குறை என்று பின்னால் எப்போதும் வழக்கு. சொட்டு சார் அதில் தலையிடமாட்டார்.

லைப்ரரி அம்மா அந்த வருஷக் கடைசியில் வேலைக்குத் திரும்பினார். ஏணிப் பக்கம் போகக்கூடாது என்று நூலகர் அவரை முன் மேசையில் உட்காரவைத்தார். புதன்கிழமை வண்டி மட்டும் நிற்கவில்லை. மற்ற இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை ஓடியது. மற்ற நாட்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே கிளம்பினார்கள். ஏசி உண்டு. நூலகம் வரை மட்டும். இறங்கியதும் அணைத்துவிடுவார் என்று கேள்வி.

போன மாதம் இருவரும் பேட்டரி கார் ஒன்றைப் பார்க்க ஷோரூமுக்குப் போனார்கள். பழைய வண்டிக்குக் கிளட்ச் மாற்ற வேண்டிவந்தது. மாற்றுவதா, விட்டுவிடுவதா என்று ஒரு வாரமாக வீட்டில் பேச்சு. விற்பனைப் பெண், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும், கிலோமீட்டருக்குச் செலவு எவ்வளவு குறையும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சொட்டு சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஓட்டிப் பாக்குறீங்களா சார்?”

“நீங்க ஓட்டுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து, தான் போய்ப் பின் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். “பள்ளம் இருக்குற ரோடாப் பாத்துப் போங்க.”